நீலம் போன வழி

இன்று காலை எங்கள் அடுக்ககத்தின் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய மணல் மூட்டைகள். மழைக்காலம் வருகிறதல்லவா, தரைக்குக் கீழே இருக்கும் கார் நிறுத்துமிடத்துக்குள் தண்ணீர் இறங்கிவிடாமல் இருக்க, சரிவுப் பாதையின் மேல்முனையில் அடுக்கி வைக்கப் போகிறார்களாம். பொத்தேரியில் எங்கள் குடியிருப்பைச் சுற்றி எந்நேரமும் கல்லூரிப் பிள்ளைகளின் நடமாட்டம். அவர்கள் மூட்டைகளைத் தாண்டித் தாண்டி டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பால்கனியில் காபியோடு நின்று வேடிக்கை பார்த்தேன். மூட்டைகள் போன வருடத்தவை போலிருக்கிறது. எங்கோ ஒரு மூலையில் கிடந்து நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தவை. அந்த வாசனை அத்தனை மாடியும் ஏறி வந்து என் காபிக்குள் விழுந்தது.

நனைந்த சாக்கின் வாசனை உங்களுக்குப் பழக்கமுண்டா? கொஞ்சம் புளித்த மாவு, கொஞ்சம் எலி, கொஞ்சம் பழைய செருப்பு. எனக்கு மழை என்றால் அதுதான். மண்வாசனையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் எல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வராத ஊர்க்காரர்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் இல்லை. ஊரப்பாக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பாருங்கள், அந்த மூட்டைகளில் எங்கள் பிளாக்குக்கு எத்தனை இறங்குகிறது, பக்கத்து பிளாக்குக்கு எத்தனை போகிறது என்று என் கண் தானாகவே அளந்துகொண்டிருந்தது. எனக்குச் சொந்தமாகக் கார்கூடக் கிடையாது.

அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என் கணவருக்குத் தாம்பரம் பக்கம் வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் ரயில் நிற்கிற ஊராகப் பார்த்து ஊரப்பாக்கத்தில் மனை வாங்கினோம். மாசி மாதத்தில் போய்ப் பார்த்தோம் என்பதுதான் நாங்கள் செய்த அசட்டுத்தனம். மாசியில் பார்த்தால் எந்த மனையும் மேடுதான். "மழ பேஞ்சா தண்ணி நிக்குமா?" என்று கேட்டதற்குத் தரகர் மனம் புண்பட்டவர் மாதிரி நெஞ்சில் கை வைத்தார். "தண்ணியா? குடிக்கவே தண்ணி இல்லாம இந்த ஊரே பேஜாராயிகினு கீது. நிக்கறதுக்கு இன்னாத்துக்குமா வரப்போவுது?"

மனையின் மூலையில் கோரைப்புல் இருந்தது. அதன் அடியில் உருண்டை உருண்டையாக மண் தள்ளியிருந்த நண்டு வளைகள் வேறு. அறிவியல் டீச்சர் அதைப் பார்த்து என்ன நினைத்திருக்க வேண்டும்? நான் "பாருங்களேன், எவ்வளவு அழகா வளை தோண்டியிருக்கு" என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தெருவில் அப்போது ஏழெட்டு வீடுகள். மண்சாலை. ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் மேடாக ஆரம்பித்து, கடைசியில் ஏரியின் உபரித் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் போய் இறங்கும். தெருவுக்கும் கால்வாய்க்கும் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. பாதைக்கு அடியில் ஒரு சின்னப் பையன் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு சிமெண்டுக் குழாய். எவ்வளவு பெய்தாலும் தெருத்தண்ணீர் அந்தக் குழாய் வழியாகக் கால்வாயில் விழுந்துவிடும். முதல் வருட மழையில் எங்கள் வாசலில் கணுக்கால் நனைகிற அளவுக்குக்கூட நிற்கவில்லை. தரகரை நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்களுக்கு அடுத்த வீடு முனிரத்தினம் அண்ணனுடையது. கருங்குழிப் பக்கம் விவசாயக் குடும்பம். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு லாரி வாங்கி, மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டிருந்தார். தெரு நலச் சங்கம் என்று ஒன்று இருந்தது, அதற்கு அவர்தான் செயலாளர். அதாவது, குரல் பெரிதாக இருந்ததால் அவர் செயலாளர். அவர் மனைவி செல்வி அக்காவிடம்தான் என் மகளை விட்டுவிட்டு நான் காலையில் ரயிலேறுவேன். அவள் அப்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். நாற்காலி, கட்டில், செல்வி அக்காவின் புடவை, எது கிடைத்தாலும்.

இரண்டாம் வருடம் ஆவணியில், தெருக் கோடியில் பிள்ளையார் வைத்தோம். அந்த உற்சாகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு வீடும் ஒன்றைக் கொடுத்தது. சிமெண்டு ஒருவர், கம்பி ஒருவர், டைல்ஸ் ஒருவர். முனிரத்தினம் அண்ணன் லாரியிலிருந்து ஜல்லி. நானும் கணவரும் மேலே போடுகிற தகரக் கூரை. நல்ல அகலமான கான்கிரீட் மேடை, சுற்றி வர இடம், ஏறப் படி. பிள்ளையார் கைக்கடக்கமானவர், மேடை கல்யாண மேடை மாதிரி. சதுர்த்தியன்று எல்லோரும் அந்த மேடையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். அதுதான் எங்கள் தெரு ஒருவரை ஒருவர் சந்தேகப்படாமல் உட்கார்ந்திருந்த கடைசி நாள் என்று நினைக்கிறேன்.

அதே ஆவணியில்தான் எதிர் வீட்டுக்கு வேதகிரி சார் கிரகப்பிரவேசம் செய்து வந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர். குருக்கள் குடும்பம், ஆனால் அவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அவர் கட்டியிருந்த வீடு எங்கள் எல்லோருடைய கண்ணையும் உறுத்தியது. தரை, தெருவிலிருந்து இடுப்பு உயரம். வாசலிலிருந்து தெருவின் பாதி வரைக்கும் நீண்டு இறங்குகிற ஒரு கான்கிரீட் சாய்தளம். கார் வைத்திருப்பாரோ என்று பார்த்தால் சைக்கிள்கூட இல்லை. மனிதர் யாரோடும் பேசவில்லை. வீட்டில் மனைவி இருக்கிறார் என்று தெரியும். ஒரு நாளும் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. போதாதா? தெருவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பள்ளிக்கூடத்தை மதியத்தோடு மூடிவிட்டார்கள். ரயிலில் இடித்துப் பிடித்து வந்து இறங்கினால், எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் காபி நிறத்தில் ஒரு ஏரி. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். என் மகள் முனிரத்தினம் வீட்டு மேசை மேல், செல்வி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, தண்ணீரில் மிதக்கிற செருப்புகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டு வாசலில் கணவர் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்து, சந்துகளில் பழைய துணியைத் திணித்து, "இனிமே ஒரு சொட்டு வராது" என்று நிமிர்ந்தார். திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால், குளியலறையிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. வாசல் காய்ந்து கிடக்கிறது, வீட்டுக்குள் வெள்ளம். குளியலறைத் தரையில் இருக்கிற ஓட்டைச் சல்லடை வழியாகக் குபுகுபுவென்று பொங்கியது.

கணவர் அப்படியே நின்றார். பிறகு எதிர் வீட்டைப் பார்த்தார். "அந்த ஆளு அவரு வீட்டுப் பைப்பை நம்ம லைன்ல குடுத்துட்டாரு."

அதற்குள் முனிரத்தினம் அண்ணனும் வந்துவிட்டார். "இன்னா டீச்சர், மேட்டு வூட்டுக்காரன் தண்ணிய உங்க வூட்டுக்குள்ள உட்டுகினு கீறான், நீங்க பார்த்துகினு நிக்கறீங்க? போன வர்சம் நின்னுச்சா தண்ணி? அந்த ஆளு வந்தான், தண்ணி வந்துச்சு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வேறு என்ன யோசிக்க?

அந்தத் தண்ணீர் வடிய நாள் கணக்கில் ஆனது. பிரிட்ஜ் போனது. மோட்டார் போனது. ஈரச் சுவரில் சுவிட்சைத் தொட்ட கணவருக்குச் சுருக்கென்று ஷாக் அடித்து, நல்லவேளை தூக்கி எறிந்ததோடு போயிற்று. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கப் பழகுகிற குழந்தை இருக்கிற வீடு. மகளைத் தரையில் விடவே கை வரவில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று பேசினோம். யாரிடம் விற்பது? ஐப்பசியில் எங்கள் தெருவைப் பார்த்தால் எந்த மனையும் குளம்தான்.

பிறகு தெருவே தற்காப்பில் இறங்கியது. எங்கள் வாசற்படியின் குறுக்கே செங்கல் வைத்துச் சின்னச் சுவர் எழுப்பினோம். வருகிறவர்கள் எல்லாம் தடுக்கி விழுந்தார்கள். மோட்டாரைச் சுவரில் உயரத்தில் ஒரு பலகை அடித்துத் தூக்கி வைத்தோம். சுவிட்சுப் பெட்டிகளைத் தோள் உயரத்துக்கு மாற்றினோம். வீட்டுப் பத்திரமும் என் சான்றிதழ்களும் பரணில் ஏறின. குளியலறை ஓட்டைக்குச் சாக்கைச் சுருட்டி அடைத்து, அதன் மேல் அம்மிக்கல். குளிக்கும்போதெல்லாம் அம்மியை நகர்த்திவிட்டுக் குளித்து, மறுபடி அம்மியை ஏற்றுவோம்.

இதெல்லாம் வீட்டுக்குள். வெளியே நடந்தது வேறு. ஒவ்வொருவரும் அவரவர் வாசலில் சவுடு மண் அடித்து மேடாக்கினார்கள். ஒரு வாசல் மேடானால் அந்தத் தண்ணீர் அடுத்த வாசலுக்கு. அடுத்தவர் இன்னும் கொஞ்சம் அடிப்பார். காலையில் எழுந்ததும் பல் தேய்த்துக்கொண்டே எல்லோரும் எல்லோருடைய வாசலையும் பார்ப்போம். நேற்று இருந்த அளவா, கூடியிருக்கிறதா? கணவர் கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற டியூபை இரவல் வாங்கி வந்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான குழாய், உள்ளே தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால் எது உயரம் என்று தெரிந்துவிடும். ஒரு முனையை நான் எங்கள் வாசலில் பிடிக்க, இவர் மறுமுனையோடு முனிரத்தினம் வீட்டு வாசலில் பூப்பறிக்கிற மாதிரி நின்றார். கையில் பூ இல்லை, அந்த வீட்டில் பூச்செடியும் இல்லை.

முனிரத்தினம் அண்ணன் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. மண் அடிப்பது அவர் லாரிதானே? தண்ணீர் நின்றால்தானே மண்ணுக்கு ஆள் வரும்? இதை நானே யோசித்தேனா, பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் போட்டார்களா தெரியாது. ஆனால் அவர் வீட்டில் மகளை விட்டுவிட்டு வரும்போதெல்லாம் செல்வி அக்காவின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்க ஆரம்பித்தேன். அக்காவும் அதிகமாகச் சிரித்தார். அவருக்கு எங்கள் மேல் என்ன சந்தேகமோ.

வேதகிரி சாரும் சும்மா இல்லை. ஒரு நாள் அவர் எங்கள் மதில் சுவரின் அடியில் குனிந்து பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். "என்ன சார் இது?" என்றேன். "ஒண்ணுமில்லை, உங்காத்து மண்ணு எவ்ளோ ஒசரறதுன்னு தெரியணுமோல்லியோ" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

கார்த்திகையில் மறுபடி மழை. மறுபடி தெருவில் முழங்கால் தண்ணீர். அன்று ஞாயிற்றுக்கிழமை, மழை சற்று விட்டிருந்த காலை நேரம். முனிரத்தினம் அண்ணன் கடப்பாரையோடு வந்தார். பின்னால் தெரு ஆண்கள் எல்லோரும், என் கணவரும்.

"சார், உங்க ராம்ப்பு தெருவ அடச்சிகினு கீது. இடிக்கணும்."

வேதகிரி சார் படியில் வந்து நின்றார். மேலே துண்டு மட்டும். "அது தண்ணிய அடைக்கலை. பக்கத்துல பாதி தெரு திறந்துதானே இருக்கு? அந்த வழியாப் போகாத தண்ணியா?"

"அதெல்லாம் இடிச்சா தெரிஞ்சிடும்."

அவர் உள்ளே போய்விட்டார். கடப்பாரைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சாய்தளம் துண்டு துண்டாகத் தண்ணீருக்குள் விழுந்தது. இடித்து முடித்து எல்லோரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்கள். அது அப்படியே நின்றது. ஒரு விரல்கூட இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போக அந்த வீட்டு வாசலுக்கு ஆட்டோ வந்தது. வேதகிரி சாரும் ஆட்டோக்காரரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு பக்கமும் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். நாற்காலியில் அவர் மனைவி. மெலிந்த, சிவந்த பெண்மணி. கால்கள் இரண்டும் துணிபோலத் தொங்கின. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் வேதகிரி சாரின் கால் வழுக்க, நாற்காலி ஒரு பக்கம் சாய, அந்த அம்மாள் "ஐயோ" என்று கூடச் சொல்லாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். திறந்திருந்த கதவுக்கு உள்ளே சக்கர நாற்காலி ஒன்று நின்றிருந்தது எனக்குத் தெரிந்தது. அதை உருட்டி இறக்குவதற்குத்தான் அவ்வளவு நீளச் சாய்தளம்.

செல்வி அக்கா தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே திரும்பி, "ஏய்யா, வந்து பாரு. நீ இடிச்சது இன்னான்னு வந்து பாரு" என்று கத்தினார். முனிரத்தினம் அண்ணன் வெளியே வரவில்லை.

எனக்கு வேறு ஒன்று குடைந்தது. சாய்தளம் காரணமில்லை என்றால், தண்ணீர் எதனால் நிற்கிறது? எதிர் வீட்டிலிருந்து எங்கள் குளியலறைக்குப் பைப்பு இருக்கிறதா இல்லையா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் விட்டுக் காட்டுவது வழக்கம். துணிக்குப் போடுகிற அதே நீலம்தான். தண்ணீர் எப்படி நகர்கிறது, எப்படிக் கலக்கிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். அந்த வாரம் மழை விடுமுறை. புட்டியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு மதிலோரம் போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவர்கள் வீட்டுக் கழிவுநீர் வெளியே வருகிற இடத்தில் தாராளமாக ஊற்றினேன்.

"டீச்சர், என் வாசல்ல என்ன விடறேள்?"

மேலே ஜன்னலில் வேதகிரி சார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நீலம் சார்."

"எதுக்கு?"

"தண்ணி எங்க போகுதுன்னு பாக்கறதுக்கு."

அவர் ஜன்னலைச் சாத்தினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "பாருங்கோ. நானும் பாக்கறேன். அப்புறம் நீங்க ஒண்ணு சொல்லப்படாது."

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும், ஒருவரை ஒருவர் நம்பாமல், முழங்கால் தண்ணீரில் ஒரு நீலத்தின் பின்னால் நடந்தோம். அது என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, புகை மாதிரி நீண்டு தெருவோடு கீழே இறங்கியது. நாங்களும் நின்று நின்று போனோம். வெளிறிப் போகிற இடத்தில் நான் இன்னும் கொஞ்சம் விட்டேன். முனிரத்தினம் அண்ணன் வெளியே எட்டிப் பார்த்தார். நானும் வேதகிரி சாரும் சேர்ந்து நடந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? "இன்னா ரெண்டு பேரும் பேசிகினு போறீங்க?" என்று அவரும் இறங்கிவிட்டார். அவர் போவதைப் பார்த்து என் கணவர். இவரைப் பார்த்து மற்றவர்கள். எதற்காக நடக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தங்களை விட்டுவிட்டு ஏதோ நடந்துவிடக் கூடாது என்பதற்காக வந்தார்கள்.

நீலம் தெருக் கோடி வரைக்கும் போய், பிள்ளையார் மேடையில் முட்டி, அங்கேயே நின்றுவிட்டது. மேடையைச் சுற்றி ஒரு நீல வளையம்.

வேதகிரி சார் மேடை மேல் ஏறி, பின்பக்கம் சீமைக்கருவேல முள்ளை ஒதுக்கிக்கொண்டு பாதையைத் தாண்டிப் பார்த்தார். "இங்க வாங்கோ" என்றார். நாங்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தோம். அந்தப் பக்கம் கால்வாய் எங்கள் தெருவைவிடத் தாழ்வாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் மறுமுனை அதன் கரையில் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"நம்ம பக்கத்து வாய் எங்க?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோருமே அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"மேஸ்திரிகிட்ட பைப்ப வுட்டுட்டு கட்டச் சொல்லலையா?" என்றார் முனிரத்தினம் அண்ணன்.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சோம்" என்றார் என் கணவர்.

"நானா? நீங்கதான ஆபீஸ்ல பிளான்லாம் பாக்கற ஆளு?"

சண்டை அங்கேயே ஆரம்பித்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி எல்லோருடைய வாயையும் அடைத்தது. பிள்ளையார் மேடையை யார் இடிப்பது? எதிர் வீட்டுச் சாய்தளத்துக்கு ஓங்கிய கடப்பாரை இதற்கு எழவில்லை. ஒருவர் பஞ்சாயத்தில் சொல்லலாம் என்றார். ஒருவர் தை பிறக்கட்டும் என்றார். ஒருவர் வீட்டில் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று நழுவினார்.

கடைசியில் எல்லோரும் வேதகிரி சாரைப் பார்த்தார்கள். அவர் எங்களைத் திருப்பிப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

"பாலாலயம் பண்ணி பிள்ளையாரை வேற எடத்துக்கு எழுந்தருளப் பண்ணிட்டா மேடையை இடிக்கலாம். தோஷம் இல்லை. எனக்குப் பண்ணத் தெரியும்" என்றார். "ஆனா ஒண்ணு. நாளைக்கு ஒருத்தர் ஆத்துல ஜுரம் வந்தாலும் நான்தான் பிள்ளையாரைக் கெளப்பினேன்னு சொல்லுவேள். அதனால ஒவ்வொரு ஆத்துலேர்ந்தும் ஒருத்தர் வரணும். ஒவ்வொருத்தரும் ஆளுக்கு ஒரு அடி போடணும். ஒருத்தர் பாக்கி இருந்தாலும் நான் தொட மாட்டேன்."

"சரி சாமி" என்றார் முனிரத்தினம் அண்ணன். கொஞ்சம் நின்று, "அந்த ராம்ப்பு..." என்று ஆரம்பித்தார்.

"அதை அப்புறம் பேசுவோம்" என்றார் வேதகிரி சார்.

அடுத்த நாள் காலை ஒரு குடத்தில் தண்ணீர், மாவிலை, தேங்காய் வைத்து அவர் மந்திரம் சொன்னார். அலுவலகத்துக்குப் போகிற மனிதருக்குள் இவ்வளவு கணீரென்ற குரல் இருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது. பிள்ளையாரைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருத்தண்ணீரில் நடந்து போய்த் தன் வீட்டு முகப்பிலேயே வைத்தார். தெருவில் காய்ந்திருந்த ஒரே இடம் அதுதான். அவர் மனைவி சக்கர நாற்காலியில் அங்கே காத்திருந்தார். முதல் முதலாக அந்த அம்மாளின் குரலைக் கேட்டோம். "இதுக்கு முன்னாடி இருந்த வாடகை வீட்ல தண்ணி வந்தப்போ என்னைச் சாப்பாட்டு மேசை மேல ஏத்தி வெச்சிருந்தார். நாலா பக்கமும் தண்ணி, நான் நடுவுல. அதான் இவ்ளோ ஒசரமாக் கட்டினார்" என்று செல்வி அக்காவிடம் சொன்னார். யாரையும் குற்றம் சொல்கிற தொனியே இல்லை.

பிறகு அடி. வேதகிரி சார் நின்று ஒவ்வொரு வீட்டின் பெயராகக் கூப்பிட்டார். கர்ப்பிணிப் பெண் இருக்கிற வீட்டுக்காரரும் வந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி அடித்தார். எங்கள் வீட்டுக்கு நான்தான் அடித்தேன். கடப்பாரை அவ்வளவு கனம் என்று தெரியாமல் என் காலிலேயே போட்டுக்கொள்ளப் பார்த்தேன். அப்புறம் முனிரத்தினம் அண்ணனின் லாரி ஆட்கள் இறங்கி, உடைத்துக்கொண்டே போனார்கள்.

குழாயின் வாய் தெரிந்தது. அதில் ஒரு சிமெண்டுச் சாக்கு, மண் நிரப்பி, வாயைக் கட்டி, கச்சிதமாகத் திணித்து வைக்கப்பட்டிருந்தது.

ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தோம். கான்கிரீட் கொட்டும்போது குழாய்க்குள் ஒழுகாமல் இருக்க மேஸ்திரி அடைத்துவிட்டு எடுக்க மறந்திருப்பார் என்பது என் கட்சி. மறந்ததல்ல, வேண்டுமென்றே வைத்தது என்பது என் கணவரின் கட்சி. மேஸ்திரியைத் தேடினால் அவர் வேறு ஊருக்குப் போயிருந்தார். யார் வைத்தது என்பது இன்று வரைக்கும் தெரியாது.

சாக்கை இழுத்ததும் தெரு முழுக்க ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி சத்தம். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போனது. செருப்புகள், குச்சிகள், யார் வீட்டுப் பிளாஸ்டிக் குவளையோ, எல்லாம் அதன் பின்னால் ஓடின. சாயங்காலத்துக்குள் எங்கள் வாசலில் சேறு தெரிந்தது. எங்கள் குளியலறையும் அன்றே அமைதியாகிவிட்டது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, எங்களுக்கும் எதிர் வீட்டுக்கும் எந்தப் பைப்பும் இல்லை, தெருவில் தண்ணீர் ஏறினால் எங்கள் கழிவுநீர்க் குழாய் வழியாகவே அது திரும்பி வீட்டுக்குள் வரும் என்றார். வெளியே போகலாம், உள்ளே வர முடியாது என்கிற மாதிரி ஒரு மூடியைக் குழாயில் பொருத்தினார். அம்மி சமையலறைக்குத் திரும்பியது.

உடைத்த மேடையின் கற்களை எல்லாம் முனிரத்தினம் அண்ணனின் ஆட்கள் எதிர் வீட்டு வாசலில் கொட்டி, மேலே சிமெண்டு பூசினார்கள். புதுச் சாய்தளம். பழையதைவிடக் கொஞ்சம் நீளம். வேதகிரி சார் பக்கத்திலேயே நின்று, அடியில் தண்ணீர் போக வழி விடுகிறார்களா என்று குனிந்து குனிந்து பார்த்தார். நன்றி சொல்லவில்லை. முனிரத்தினம் அண்ணனும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த அம்மாள் சாயங்காலங்களில் வெளியே வந்தார். என் மகள் நாற்காலி, கட்டில், புடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தச் சக்கர நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் நடக்கப் பழகினாள்.

பிள்ளையார் தை மாதம் வரைக்கும் அங்கேயே இருந்தார். பிறகு தெருவோரம் ஒரு சின்னப் பீடத்தில் அமர்ந்தார். ஒவ்வொரு புரட்டாசியிலும் தெருவே கூடிக் குழாயைத் தூர்வாரும். யார் வரவில்லை என்று பார்ப்பதற்காகவே எல்லோரும் வந்தோம் என்பதால், அது எந்த வருடமும் தவறவில்லை.

இப்போது அந்தக் கால்வாய் இல்லை. அதாவது இருக்கிறது, மேலே மூடிய கான்கிரீட் பெட்டியாக, அதன் மேல் கடைகள். மழை தொடங்கிய அன்றே கூட்டமாகக் கத்துகிற தவளைகள் இல்லை. கோரை இல்லை, நண்டு இல்லை. முனிரத்தினம் அண்ணன் லாரிகளை விற்றுவிட்டுக் கருங்குழிக்கே போய்விட்டார். அந்த அம்மாள் போன பிறகு வேதகிரி சார் மகனோடு வெளியூர். மகளின் படிப்புக்காக நாங்கள் இங்கே வந்தோம். அந்தத் தெருவில் இப்போது ஒவ்வொரு மனையிலும் மாடி மேல் மாடி.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. மழை நாட்களில் அங்கே ஒரு கேள்வி உண்டு. விடிந்ததும் ஆளாளுக்கு அவரவர் கேட்டில் நின்றுகொண்டு, எதிர் கேட்டைப் பார்த்துக் கேட்பார்கள்: "உங்க வூட்ல எவ்ளோ?" பதில் வாயால் வராது. குனிந்து தன் காலைத் தொட்டுக் காட்டுவோம். கணுக்கால், அல்லது கெண்டைக்கால், அல்லது முழங்கால். உண்மையான அளவை யாரும் காட்டியதில்லை. முழங்கால் வரைக்கும் நனைந்த புடவையோடு நின்றுகொண்டு நான் கணுக்காலைத் தொட்டுக் காட்டுவேன். எதிரே அவர்களும் கணுக்காலைத்தான் தொடுவார்கள். அவர்கள் வேட்டியில் ஈரம் எது வரை ஏறியிருக்கிறது என்று நான் பார்ப்பேன், என் புடவையை அவர்கள் பார்ப்பார்கள். பிறகு "ஒண்ணும் ஆவாது, வடிஞ்சிடும்" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்வோம்.

போன வாரம் பெய்த மழையில் இங்கே மின்சாரம் போய்விட்டது. கதவைத் திறந்தேன். எதிர் வீட்டுக் கதவும் திறந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் இவ்வளவு உயரத்தில் எதைத் தொட்டுக் காட்டுவது? அவள் கைப்பேசி வெளிச்சத்தில் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டோம்.